மலை உச்சியில் ஆள் இல்லாத ரேடியோ நிலையம்

சம்பளம் இல்லை, லாபம் இல்லை. ஆனாலும் இரவு பகலாகக் காவல்!

மலை உச்சியில் ஒரு சின்ன அறை. கதவு பூட்டிக் கிடக்கிறது. கூரைக்கு மேலே ஓர் இரும்புக் கம்பம். கம்பத்தின் நுனியில் ஓர் ஏரியல். உள்ளே ஆள் யாரும் இல்லை. ஆனாலும் இரவு பகல் பாராமல் அந்த அறை வழியாக மனிதர்கள் பேசிக்கொள்கிறார்கள்.

பேசுகிறவர் ஒருவர், நகரத்தில் தன் வீட்டு மொட்டை மாடியில் நிற்கிறார். கேட்கிறவர் 100 கிலோ மீட்டருக்கு அப்பால் ஒரு சிற்றூரில் இருக்கிறார். இருவர் கையிலும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சின்னக் கருவி. நடுவே டெலிபோன் கம்பி கிடையாது. செல்போன் கம்பெனியின் கோபுரமும் கிடையாது. மலை மேல் இருக்கும் பெட்டி ஒருவர் குரலைப் பிடித்து, பிடித்த அதே நொடியில் பலமாக்கி நாலு திசைக்கும் அனுப்பிவிடுகிறது.

இந்தப் பெட்டிக்கு "ரிப்பீட்டர்" என்று பெயர். "சொன்னதைத் திருப்பிச் சொல்வது" என்று அர்த்தம். இதை நடத்துகிறவர்கள் அரசாங்க உத்தியோகஸ்தர்களும் அல்ல, வியாபாரிகளும் அல்ல. ரேடியோவைப் பொழுதுபோக்காகக் கொண்ட சாதாரண மனிதர்கள். உலகம் முழுவதும் இவர்களை "ஹாம்" என்று அழைக்கிறார்கள்.

யார் இந்த ஹாம்கள்?

வீட்டில் இருக்கும் ரேடியோவில் கேட்க மட்டுமே முடியும். ஹாம் வைத்திருக்கும் ரேடியோவில் கேட்கவும் முடியும், பேசவும் முடியும். அதற்கு மத்திய அரசு நடத்தும் பரீட்சையில் தேறி லைசென்ஸ் வாங்க வேண்டும். லைசென்ஸ் பெற்ற ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாளப் பெயர் கொடுக்கப்படும். இந்திய ஹாம்களின் பெயர்கள் பெரும்பாலும் "வி.யூ.2" அல்லது "வி.யூ.3" என்று தொடங்கும். அந்த அடையாளத்தைச் சொல்லாமல் ஒருவரும் பேசக்கூடாது.

இந்தியாவில் இந்தக் கலைக்கு 100 வயதுக்கு மேல் ஆகிறது. 1921ல் கல்கத்தாவில் அமரேந்திர சந்திர குப்தா என்பவர் முதன்முதலாக இந்த நிலையத்தை நடத்தினார். பிரதமராக இருந்த ராஜீவ் காந்தியும் ஒரு ஹாம்தான். அவருடைய அடையாளப் பெயர் "வி.யூ.2 ஆர்.ஜி." என்பது குறிப்பிடத்தக்கது.

பெங்களூர்த் தமிழர்களுக்கு இந்த விஷயம் முற்றிலும் அந்நியம் அல்ல. ஜாலஹள்ளியில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ், தூரவாணி நகரில் ஐ.டி.ஐ. என்று ரேடியோவும் டெலிபோனும் செய்த தொழிற்சாலைகளில் வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்கள் பல உண்டு. சால்டரிங் செய்த கைக்கு இந்தப் பெட்டியின் உட்புறம் புரியாத புதிர் அல்ல.

மலை எதற்கு?

ஹாம்கள் பக்கத்து ஊர்ப் பேச்சுக்கு அதிகமாகப் பயன்படுத்துவது 144 முதல் 146 மெகா ஹெர்ட்ஸ் வரையிலான அலைகளை. இந்த அலைகள் டார்ச் விளக்கின் ஒளியைப் போல ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். குறுக்கே மேடோ, பெரிய கட்டிடமோ இருந்தால் தடைப்படும். பூமி உருண்டையாக இருப்பதால், தடையே இல்லாவிட்டாலும் ஓர் எல்லைக்கு அப்பால் போகாது.

ஹாம் கையில் வைத்திருக்கும் கருவியின் சக்தி பெரும்பாலும் 5 வாட். மிகவும் குறைந்த சக்திதான் அது. நெருக்கமான நகரத்தில் இதை வைத்துக்கொண்டு சில கிலோ மீட்டர் தூரமே பேச முடியும். சக்தியைப் பத்து மடங்கு கூட்டினாலும் பெரிய பலன் இல்லை. ஆனால் உயரத்தைக் கூட்டினால் பலன் உண்டு.

உயரத்துக்கும் தூரத்துக்கும் ஓர் எளிய கணக்கு இருக்கிறது. ஏரியல் சுற்றுப்புறத்தைவிட எத்தனை மீட்டர் உயரமோ, அந்த எண்ணின் வர்க்க மூலத்தை 4.1ஆல் பெருக்கினால், அலை எத்தனை கிலோ மீட்டர் போகும் என்பது தெரிந்துவிடும்.

நந்தி மலையை எடுத்துக்கொள்வோம். கடல் மட்டத்துக்கு மேல் அதன் உயரம் 1,478 மீட்டர். பெங்களூர் சுமார் 920 மீட்டர். மலை சுமார் 550 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. கணக்குப் போட்டால் 96 கிலோ மீட்டர் வருகிறது. மலையில் இருந்து நேர்கோட்டில் கோலார் தங்கவயல் சுமார் 80 கிலோ மீட்டர். எல்லை தாண்டி இருக்கும் ஓசூர் 70 கிலோ மீட்டருக்குச் சற்று அதிகம். கணக்குப்படி இரண்டு ஊரும் அந்த வட்டத்துக்குள் அடங்கிவிடும். அலைக்கு மாநில எல்லை தெரியாது!

சேர்வராயன் மலையின் கணக்கு இன்னும் பெரியது. அதன் உச்சி 1,623 மீட்டர். அடிவாரத்தில் இருக்கும் சேலம் சுமார் 280 மீட்டர்தான். அங்கே ஏரியல் வைத்தால் கணக்கின்படி ஏறத்தாழ 150 கிலோ மீட்டர் எட்டும். கொடைக்கானலில் இருந்து ஒலிபரப்பாகும் எப்.எம். வானொலியைத் தென் மாவட்டங்கள் பலவற்றில் கேட்க முடிவதற்கும் இந்த உயரமே காரணம். ஏற்காட்டிலும் கொடைக்கானலிலும் ஹாம்கள் ரிப்பீட்டர் வைத்து நடத்தியதும் இதனால்தான்.

இந்த யோசனை முதலில் பிடிபட்டது அமெரிக்காவில். 1950களில் லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் ஆர்ட் ஜென்ட்ரி என்ற ஹாம் இப்படி ஒரு ரிப்பீட்டரை ஓட்டிக் காட்டினார். ஹாம் உலகில் இதற்கு முன்னோடி என்று அவரைச் சொல்கிறார்கள்.

கத்திக்கொண்டே காது கொடுப்பது

ரிப்பீட்டர் செய்யும் வேலை கேட்பதற்குச் சுலபம். செய்வதற்குக் கஷ்டம். ஏனென்றால் அது ஒரே நேரத்தில் கேட்கவும் வேண்டும், பேசவும் வேண்டும்.

ஒரு மனிதன் தன் பலத்தையெல்லாம் கூட்டிக் கத்திக்கொண்டே, தூரத்தில் ஒருவர் முணுமுணுப்பதையும் காதில் வாங்க வேண்டும் என்றால் எப்படி இருக்கும்? ரிப்பீட்டரின் நிலைமை அதுதான். மலைக்கு வந்து சேரும் குரல் மிகவும் மெலிந்தது. ஒரு வோல்ட் மின்சாரத்தை 50 லட்சம் பங்காகப் பிரித்து, அதில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டால் எவ்வளவோ அவ்வளவுதான். அதே ஏரியலில் இருந்து 20 வாட், 25 வாட் சக்தியோடு ஒலிபரப்பும் நடக்கிறது.

இதற்கு இரண்டு வழி செய்கிறார்கள். முதலாவது, கேட்பது ஓர் அலை, பேசுவது வேறோர் அலை. உதாரணமாக, 145.1 மெகா ஹெர்ட்ஸில் கேட்டால் 145.7ல் பேசும். இரண்டுக்கும் இடைவெளி 600 கிலோ ஹெர்ட்ஸ். ஹாம்கள் தங்கள் கைக்கருவியை இதற்கு நேர்மாறாக வைத்துக்கொள்வார்கள். இரண்டாவது, "டூப்ளெக்சர்" என்ற வடிகட்டி. உயரமான உலோக டப்பாக்கள் நாலோ ஆறோ வரிசையாக நிற்கும். தன் அலையை மட்டும் விட்டுவிட்டு மற்றதைத் தடுத்து நிறுத்துவது அவற்றின் வேலை. திருகாணியை அரைச் சுற்று கூடுதலாகத் திருப்பினாலும் ரிப்பீட்டருக்குக் காது மந்தமாகிவிடும்.

இன்னொரு ஏற்பாடும் உண்டு. கண்ட கண்ட சத்தத்துக்கெல்லாம் ரிப்பீட்டர் விழித்துக்கொள்ளாமல் இருக்க ஒரு பூட்டுப் போடுவார்கள். குரலோடு சேர்த்து மெல்லிய ஒரு முரல் ஒலியைக் கைக்கருவி அனுப்பும். பேச்சைக் கேட்பவருக்கு அது தெரியாது. அந்த முரல் வந்தால்தான் ரிப்பீட்டர் வாய் திறக்கும். அதுதான் சாவி.

பேசும் பொத்தான் யாருக்காவது தெரியாமல் அழுந்திக்கொண்டால் என்ன ஆகும்? பையில் வைத்த கருவியின் மேல் டிபன் பாக்ஸ் உட்கார்ந்துவிட்டால் போதும், வட்டம் முழுவதற்கும் பேச்சு நின்றுவிடும். அதனால் உள்ளே ஒரு கடிகாரம் உண்டு. மூன்று நிமிடம் போல விடாமல் சத்தம் வந்தால் ரிப்பீட்டர் தானே வாயை மூடிக்கொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமை மலையேற்றம்

பெட்டியை வைத்துவிட்டு வந்தால் வேலை முடிந்தது என்று நினைத்தால் தவறு. வேலை அங்கேதான் ஆரம்பம்.

முதலில் அனுமதி. காட்டுப் பகுதி என்றால் வனத்துறையிடம் போக வேண்டும். நிலையத்துக்கு டில்லியில் வயர்லெஸ் பிரிவின் லைசென்ஸ் வேண்டும். இடத்துக்குச் சொந்தக்காரர் சம்மதிக்க வேண்டும். இதற்கே மாதக்கணக்கில் அலைய நேரும்.

அடுத்தது மின்சாரம். மலையில் கரண்ட் நின்றால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. ஆகவே பாட்டரிதான் உயிர். கேட்டுக்கொண்டு சும்மா இருக்கும்போது ரிப்பீட்டர் அரை ஆம்பியர் போல எடுக்கும். பேசும்போது 5 ஆம்பியர் எடுக்கும். ஒரு நாளில் ஆறு மணி நேரம் பேச்சு என்று வைத்துக்கொண்டால் 30, மீதி 18 மணி நேரத்துக்கு 9, ஆக மொத்தம் 39 ஆம்பியர் மணி. நூறு ஆம்பியர் மணி பாட்டரி இரண்டரை நாள் தாங்கும். பழைய பாட்டரி என்றால் அதுவும் தாங்காது. அதனால் வெயிலில் மின்சாரம் எடுக்கும் சோலார் பலகையும் சேர்த்து வைக்கிறார்கள். அப்படிப்பட்ட பாட்டரி ஒன்றின் எடை சுமார் 30 கிலோ. பாதை முடியும் இடத்தில் இருந்து அதைத் தோளில்தான் சுமக்க வேண்டும்.

மூன்றாவது எதிரி இடி. சுற்று வட்டாரத்தில் உயரமாக நிற்பது ஏரியல்தான். சித்திரை, வைகாசிக் கோடை மழையில் முதல் அடி அதற்குத்தான். இடியைத் தரைக்கு இறக்க "எர்த்" நன்றாக இருக்க வேண்டும். ஆனால் மலை உச்சியில் மண் ஏது? பாறைதான். எங்கேயாவது மண் உள்ள இடம் தேடிக் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டுத் தண்ணீர் ஊற்றி, அங்கிருந்து கனமான செம்புப் பட்டை இழுத்து வர வேண்டும். செம்புக்கு விலை அதிகம். அதனால் அது திருட்டுப் போவதும் உண்டு.

நாலாவது எதிரி தண்ணீர். ஏரியலுக்குப் போகும் கேபிளின் மூட்டில் ஊசி முனை அளவு இடைவெளி போதும். மழைநீர் உள்ளே இறங்கிவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. குரல் மட்டும் நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே போகும். ஐந்தாவது எதிரி குரங்கு. கேபிளைப் பிடித்து ஊஞ்சல் ஆடும், கடித்தும் பார்க்கும். அதனால் கேபிளை இரும்புக் குழாய்க்குள் விடுகிறார்கள்.

கண்டுபிடிக்கவே முடியாத கோளாறும் உண்டு. துருப்பிடித்த ஒரு போல்ட்! மலையில் போலீஸ், எப்.எம்., செல்போன் என்று பல ஏரியல்கள் பக்கத்தில் இருக்கும். அவற்றின் அலைகள் துருவின் வழியாகப் போகும்போது ஒன்றோடு ஒன்று கலந்து புதிய அலையை உண்டாக்கும். அது ரிப்பீட்டர் கேட்கும் இடத்தில் வந்து விழுந்தால் இரைச்சல்தான். ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றித் தேய்த்துப் பூட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை.

இத்தனைக்கும் செலவு யார் கொடுப்பது? ஹாம்கள் பேச்சுக்குக் கட்டணம் வாங்கக்கூடாது. ஆகவே ஆளுக்குக் கொஞ்சமாக வசூல். உழைப்பு ஞாயிற்றுக்கிழமையில். ஆபீஸ் வேலையும் ஷிப்டும் பார்க்கிறவர்கள் தங்கள் ஒரு நாள் ஓய்வைக் கொடுத்து மலை ஏறுகிறார்கள்.

தெருக்குழாய் மாதிரி

ரிப்பீட்டர் தெருக்குழாயைப் போன்றது. ஒரு நேரத்தில் ஒரு குடம்தான் பிடிக்க முடியும். ஒருவர் பேசினால் வட்டத்தில் உள்ள மற்ற எல்லாரும் கேட்க மட்டுமே முடியும். அதனால் சில ஒழுங்குகள் உண்டு.

சுருக்கமாகப் பேச வேண்டும். ஒருவர் முடித்ததும் அடுத்தவர் உடனே தொடங்கக்கூடாது. இரண்டு நொடி இடைவெளி விட வேண்டும். அவசரச் செய்தி உள்ளவர் அந்த இடைவெளியில் குறுக்கிட்டுத் தன் பெயரைச் சொல்வார். சொன்னால் மற்றவர்கள் உடனே வழி விட வேண்டும். வியாபாரம் பேசக்கூடாது. ரகசியக் குறிப்பில் பேசக்கூடாது. விடைபெறும்போது "73" என்பார்கள். தந்தி காலத்தில் இருந்து வரும் வழக்கம் அது. "நல்வாழ்த்துக்கள்" என்று அர்த்தம்.

பல ஊர்களில் குறிப்பிட்ட நேரத்தில் "நெட்" என்ற ஒன்று நடக்கும். பள்ளிக்கூடத்தில் ஆஜர் எடுப்பது போல ஒருவர் பெயர்களைக் கூப்பிடுவார். "இருக்கிறேன், உங்கள் குரல் தெளிவாகக் கேட்கிறது" என்று ஒவ்வொருவரும் பதில் சொல்வார்கள். அவ்வளவுதான். வெளியில் இருந்து கேட்பவருக்கு இது வெட்டிப் பேச்சாகத் தோன்றும்.

ஆனால் அந்த ஐந்து நிமிடத்தில் பல விஷயம் தெரிந்துவிடுகிறது. எந்த ஊரில் யார் இருக்கிறார், யாருடைய பாட்டரி பலவீனம், மலையில் ஏரியல் நன்றாக இருக்கிறதா என்பதெல்லாம் அன்றன்றைக்குத் தெரிகிறது. தீயணைப்புப் படையினர் தீப்பிடிக்காத நாளிலும் குழாயை விரித்துச் சுருட்டிப் பார்ப்பது போலத்தான் இது.

அந்த ஒரு நாளுக்காக

எல்லார் கையிலும் செல்போன் இருக்கும்போது இதெல்லாம் எதற்கு என்ற கேள்வி வருவது நியாயம். பதில், செல்போன் வேலை செய்யாத நாளில் இருக்கிறது.

பெரும் மழையிலும் பூகம்பத்திலும் செல்போன் மூன்று காரணங்களால் ஊமையாகிறது. கரண்ட் போனால் கோபுரத்தின் பாட்டரி சில மணி நேரமே தாங்கும். கோபுரங்களை இணைக்கும் கேபிள் அறுந்தால் கோபுரம் நின்றும் பயன் இல்லை. இரண்டும் சரியாக இருந்தாலும், எல்லாரும் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் நெரிசலில் எதுவும் போகாது. மலை ரிப்பீட்டருக்கு எக்ஸ்சேஞ்ச் வேண்டாம், கேபிள் வேண்டாம். தன் பாட்டரி போதும்.

2001 ஜனவரி 26ல் குஜராத்தில் பூஜ் பூகம்பம் வந்தபோது டெலிபோன் செத்துப்போனது. ஹாம்கள் கருவிகளோடு அங்கே போய் நிலையம் அமைத்தார்கள். 2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோதும் ஹாம்கள் செய்தி பரிமாறினார்கள்.

எல்லாவற்றிலும் மறக்க முடியாதது சுனாமி. அந்தமானில் ஹாம் நிலையங்களுக்கு நீண்ட காலம் அனுமதி இல்லாமல் இருந்தது. 2004 டிசம்பரில் விசேஷ அனுமதி பெற்று, பாரதி பிரசாத் என்ற பெண்மணியின் தலைமையில் ஹாம் குழு ஒன்று போர்ட் பிளேருக்குப் போயிருந்தது. உலக ஹாம்களுடன் பேசிப் பார்ப்பதே அவர்கள் நோக்கம். டிசம்பர் 26ந் தேதி காலை பூமி குலுங்கியது, கடல் பொங்கியது. தீவுகளின் டெலிபோன் தொடர்பு அறுந்தது. பொழுதுபோக்குக்காகப் போன கருவி அன்று உயிர்க் கருவியானது. தீவில் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்ற செய்தி அந்த ரேடியோ வழியாகக் கரைக்கு வந்தது. அந்தமானில் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். பிழைக்கப் போன இடத்தில் இருந்து ஊருக்கு ஒரு வார்த்தை வந்து சேர்வதன் அருமை, வெளிமாநிலத்தில் வாழும் தமிழர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அன்று பயன்பட்டது தொலைதூரச் சிற்றலை. மலை ரிப்பீட்டர் அல்ல. ஆயிரம் மைலுக்குச் சிற்றலை, மாவட்டத்துக்கு ரிப்பீட்டர் என்று இரண்டுக்கும் வேறு வேறு வேலை. எந்த வீதியில் படகு வேண்டும், எந்தப் பள்ளிக்கூடத்தில் சாப்பாடு இல்லை என்பதைச் சொல்ல உதவுவது ரிப்பீட்டர்தான்.

ரிப்பீட்டரும் விழலாம். மலையிலேயே இடி இறங்கலாம். அப்போது ஹாம்கள் அது இல்லாமலே, கருவிக்குக் கருவி நேராகப் பேசுவார்கள். தூரம் குறையும். ஒருவர் செய்தியை அடுத்தவர் வாங்கி அடுத்த ஊருக்குச் சொல்ல வேண்டியிருக்கும். அதற்கும் பழக்கம் வேண்டும்.

மலைக்கும் மேலே!

உயரம்தான் முக்கியம் என்றால் மலையோடு ஏன் நிற்க வேண்டும்? 2005 மே 5ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவில் இருந்து பி.எஸ்.எல்.வி. ராக்கெட் "ஹாம்சாட்" என்ற சின்னச் செயற்கைக்கோளை எடுத்துச் சென்றது. இஸ்ரோ உருவாக்கிய அதன் எடை 43 கிலோவுக்குள்தான். ஹாம்களின் குரலை வானத்தில் வாங்கித் திருப்பி அனுப்புவதே அதன் வேலை. 2014 வரை அது உழைத்தது.

ஆனால் அந்தச் செயற்கைக்கோள் தலைக்கு மேல் வந்தால் கால் மணி நேரம்கூடத் தங்காது. தொடுவானத்தில் மறைந்துவிடும். மலை அப்படி அல்ல. எப்போதும் நின்ற இடத்திலேயே நிற்கிறது. அதனால்தான் விண்வெளி யுகத்திலும் ஹாம்கள் பாட்டரியைத் தோளில் சுமந்து மலை ஏறுகிறார்கள்.

யார் சேரலாம்?

இது பணக்காரர்களுக்கும் என்ஜினீயர்களுக்கும் மட்டும் உரியது அல்ல. 2009ல் திருத்தப்பட்ட விதிகளின்படி 12 வயது நிறைந்தவர்கள் பரீட்சை எழுதலாம் என்று ஏற்பட்டது. பட்டம் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மின்சாரம், ரேடியோ பற்றிய அடிப்படைப் பாடம் ஒன்று, சட்ட விதிகள் ஒன்று. தொடக்கநிலை லைசென்ஸுக்கு "கட், கடகட" என்ற மோர்ஸ் தந்தி தெரிய வேண்டியதில்லை. உயர்நிலைக்கு நிமிடத்துக்கு எட்டு வார்த்தை வேகத்தில் மோர்ஸ் தெரிய வேண்டும் என்று விதித்தார்கள்.

பெங்களூர், சென்னை போன்ற நகரங்களில் ஹாம் சங்கங்கள் உண்டு. பரீட்சைக்குத் தயார் செய்யவும், கருவி வாங்கும் முன் யோசனை சொல்லவும் அங்கே ஆட்கள் இருக்கிறார்கள். லைசென்ஸ் வாங்கும் முன் கருவியில் பேசுவது சட்டப்படி குற்றம். கேட்டுப் பழகுவதில் இருந்து தொடங்குவதே நல்லது.

கிளார்க்கானாலும் தொழிலாளியானாலும், சாயங்காலம் வீடு திரும்பிக் கால் மணி நேரம் ஒதுக்க முடிந்தவருக்கு இது கைகூடும். தினமும் பெயர் கூப்பிடும்போது "இருக்கிறேன்" என்று சொல்லிப் பழகியவரைத்தான், ஆபத்து வந்த நாளில் தேட வேண்டியதில்லை.